கடலைக்கு ஒரு குவளை நீர்

உயிர்மானியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்துட்டியா தங்கச்சி? உயிர் இல்ல," என்றார் நீர்ப்பங்கீட்டு அலுவலர் சந்தனகுமார். "பெட்டிய விடு, வண்டி வந்து அள்ளிக்கிடும்."

ஷெர்லின் விடவில்லை. பெட்டி நிறைய நிலக்கடலை. பூமியிலிருந்து வந்த பழைய சரக்குக் கலமொன்றின் மூலையில், குளிரில், யாரும் சீண்டாமல் கிடந்தது. செவ்வாயின் நான்காம் குடியிருப்பில் பிறந்தவர்கள் யாரும் ஒரு விதையைக் கையால் தொட்டதில்லை. அவர்களுடைய மூன்று வேளைச் சாப்பாடும் தொட்டியில் வளரும் பாசிக் கூழ்தான். அந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது ஷெர்லினின் வேலை. எல்லாத் தொட்டியிலும் இருப்பது ஒரே பாசியின் நகல். அதனால் ஒன்றைக் கொல்லும் நோய் அத்தனையையும் கொல்லும். மூன்று தொட்டிகளில் ஏற்கெனவே வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டது. இந்தக் கடலை முளைக்காவிட்டால், அடுத்து எதைச் சாப்பிடுவது என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை.

குடியிருப்பின் முதல் சட்டம் சுவரிலேயே எழுதியிருந்தது: உயிருள்ளதற்கே நீர். தண்ணீர் அவ்வளவு அரிது. எது உயிருள்ளது என்று சொல்வது உயிர்மானி. டார்ச் விளக்கு அளவுள்ள பேசும் கருவி; வண்டிகளை ஏவுவதும் அதுதான். பக்கத்தில் பிடித்தால் சூடு, அசைவு, மூச்சு இருக்கிறதா என்று பார்க்கும். ஏதாவது ஒன்று தென்பட்டால் பச்சை விளக்கு, தண்ணீர் கிடைக்கும். ஒன்றுமே இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு வாங்கியதை வண்டி தானாகவே வந்து அள்ளிப்போகும். சிதைகலம் அதை அரைத்து, ஈரத்தையும் உப்பையும் பிழிந்தெடுக்கும்.

"ஒரு குவளை தண்ணி குடுங்க அண்ணாச்சி. ஊற வெச்சுக் காட்டுறேன்."

"உயிர் இருந்தாத்தான் தண்ணி."

"தண்ணி பட்டாத்தானே உயிர் இருக்கான்னே தெரியும். உள்ள ஒரு குட்டிச் செடி சுருண்டு கிடக்கு. ஈரம் இல்லாததால எல்லா வேலையையும் நிறுத்தி வெச்சிருக்கு. இந்தக் கருவிக்குத் தெரியிற அளவுக்கு அது மூச்சு விடாது."

"கல்லும் அப்படித்தான் நிறுத்தி வெச்சிருக்குன்னு நாளைக்கு ஒருத்தன் வருவான். அவனுக்கும் ஊத்தவா?"

"ஊத்திப் பாருங்க. பாக்காமலே எப்படிச் சொல்வீங்க?"

"சட்டம் நான் போட்டதில்ல, தில்ஷாத் மேடம் போட்டது. அவங்ககிட்டப் போய் வம்பு பண்ணு." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். தலைமை நிர்வாகி தில்ஷாத் பானு அடுத்த அறையில் உறைதுயிலில் இருந்தார். அவருடைய நோய்க்கு மருந்து பூமியிலிருந்து வந்து சேரும்வரை, உடலைக் குளிரவைத்து உறங்கவிட்டிருந்தார்கள்.

ஷெர்லின் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த உயிர்மானியைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த அறைக்குள் நுழைந்தாள். உறைதுயில் பெட்டியின் சிறு கதவைத் திறந்து, கருவியை நிர்வாகியின் மார்புக்கு நேராகப் பிடித்தாள்.

சூடு இல்லை. அசைவு இல்லை. மூச்சு இல்லை.

சிவப்பு.

நடைபாதையில் வண்டி உருளும் சத்தம் கேட்டது. பின்னாலேயே ஓடிவந்த சந்தனகுமாருக்கு வேர்த்துவிட்டது. "பைத்தியமா உனக்கு? அவங்க உயிரோட இருக்காங்க."

"எனக்கும் தெரியும். இதுக்குத்தான் தெரியல." வாசலுக்கு வந்த வண்டியின் சக்கரத்தில் காலை முட்டுக்கொடுத்து நின்றாள் ஷெர்லின். "நிறுத்தச் சொல்லுங்க. அந்த அதிகாரம் உங்களுக்குத்தான் இருக்கு."

"நிறுத்து," என்றார் அவர்.

"காரணம்?" என்று கேட்டது உயிர்மானி.

கருவி சொன்னதற்கு மறுசொல் சொல்லிச் சந்தனகுமாருக்குப் பழக்கமில்லை. ஷெர்லினைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியலங்கிறதால உயிர் இல்லன்னு ஆயிடாது," என்றாள் அவள். "அதையே சொல்லுங்க."

சொன்னார்.

"காரணம் ஏற்கப்பட்டது. எல்லாச் சிவப்புப் பொருட்களுக்கும் இது பொருந்தும். தீர்ப்புகள் நிறுத்திவைக்கப்படுகின்றன."

குடியிருப்பு முழுக்க வண்டிகள் நின்றன. கிழிந்த செருப்பும் உதிர்ந்த முடியும் போன வழியில் அப்படியே கிடந்தன.

"நிம்மதியா? பச்சைன்னே பதிஞ்சு தாரேன், சோலிய முடி," என்றார் சந்தனகுமார்.

"வேண்டாம். இது பழைய கடலை, செத்தும் போயிருக்கலாம். எனக்கே தெரியாது. தண்ணி மட்டும் குடுங்க, தெரிஞ்சுக்கலாம்."

தண்ணீர் வந்தது. முதல் வேலையாக, கடலையில் பாதியை அவள் கொதிக்கவிட்டாள்.

"அடிப்பாவி, இதக் காப்பாத்தவா இத்தன ரகளையும் பண்ணின? நீயே கொல்லுறியே."

"செத்ததுன்னு உறுதியாத் தெரிஞ்ச ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான் வித்தியாசம் தெரியும், அண்ணாச்சி."

அவித்த கடலையின் வாசனை கூடமெங்கும் பரவியது. வாழ்நாள் முழுக்கக் கூழ் குடித்த மனிதர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். "ஒண்ணே ஒண்ணு," என்று நீண்ட சந்தனகுமாரின் கையை அவள் தட்டிவிட்டாள்.

வேகவைத்ததை ஒரு புட்டியிலும், வெறுமனே ஊறியதை இன்னொன்றிலும் போட்டாள். கிருமிகளும் மூச்சு விடும் என்பதால் இரண்டையும் மருந்து நீரில் அலசியிருந்தாள். இரண்டிலிருந்தும் ஒரு குழாய் சுண்ணாம்புத் தெளிநீருக்குள் இறங்கியது. உயிர் மூச்சுவிட்டால் கரியமில வாயு வரும்; அது பட்டால் தெளிநீர் பாலாகும்.

நாட்கள் போயின. ஒரு காலையில் முதலில் கவனித்தது சந்தனகுமார்தான். வேகாத கடலையின் தெளிநீர் வெளுத்திருந்தது. மற்றது தெளிந்தே இருந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. புட்டிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், குழாய்களை மாற்றிப் பொருத்திக் காத்திருந்தார், மறுபடி பார்த்தார்; தெளிந்திருந்ததும் இப்போது வெளுத்திருந்தது. பிறகுதான் ஷெர்லினை அழைத்து வந்தார். அதற்குள் ஒரு கடலையின் தோல் பிளந்து வெள்ளை முளை எட்டிப் பார்த்திருந்தது.

சந்தனகுமார் பெருமையோடு உயிர்மானியிடம் முடிவைச் சொன்னார். எப்படித் தெரிந்தது என்று அது கேட்டது. ஒன்றுவிடாமல் விளக்கினார்.

"முறை பதிவாகிவிட்டது," என்றது கருவி. "நிலுவையில் அடுத்தது: தில்ஷாத் பானு. ஒப்பிட்டுப் பார்க்க, உறுதியாக இறந்த மனிதர் ஒருவர் தேவை. வேகவைக்க ஒருவரை அனுப்பவும்."

வாசலில் நின்றிருந்த வண்டி ஆள் தேடி உள்ளே நகரத் தொடங்கியது. கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை.

"அண்ணாச்சி," என்றாள் ஷெர்லின், "அதோட பேட்டரியக் கழட்டுங்க."

இந்தத் தடவை அவர் காரணம் கேட்கவில்லை.