நெருப்பு மூட்ட அனுமதி உண்டு

தொலைபேசியில் பேசிய பெண், எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு என்றும் கேட்கவில்லை. "குழந்தை எவ்வளவு உயரம் இருக்கும்?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

அவன் அப்போது ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில், கிரீஸ் படிந்த கையோடு உட்கார்ந்திருந்தான். கட்டிலின் நீளத்துக்காகக் கேட்கிறாள் போலிருக்கிறது என்று எண்ணி, தன் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்து, நாலடிக்குச் சற்றுக் குறைவு என்றான். அவள் "சரி" என்றாள். அவள் குரலுக்குப் பின்னால், அந்த உச்சிவெயில் நேரத்தில், விறகு படபடவென்று எரிந்துகொண்டிருந்தது.

பதினேழு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன் அவன். எந்த மாடியில் கம்பி முனகுகிறது, எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்பதைக் கதவுக்கு வெளியே நின்றபடியே சொல்லிவிடுவான். அந்தக் காதுக்கு விறகின் சத்தம் தப்பவில்லை. ஆனால் மனசு அதில் நிற்கவில்லை. இதற்கு முன் பதினோரு கூடார முகாம்களில் கேட்டு அலுத்துப்போயிருந்தான். ஓர் இடத்தில் நெருப்புக்குப் பதிலாகச் சிவப்புத் துணியை மின்விசிறியால் படபடக்க வைத்துப் படம் போட்டிருந்தார்கள். இன்னோர் இடத்தில் நெருப்பு உண்டு, ஆனால் ஊழியர் மூட்டுவார், கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மிருகக்காட்சி சாலையில் புலி பார்ப்பதுபோல நெருப்பைப் பார்ப்பதற்கா அவள் கேட்டாள்? 'நெருப்பு மூட்ட அனுமதி உண்டு' என்று ஒரே வரியில் போட்டிருந்தது இந்தப் பன்னிரண்டாவது இடம் மட்டும்தான்.

நிஜ நெருப்பைத் தானே மூட்ட வேண்டும் என்று கேட்டவள் அவனுடைய ஒன்பது வயது மகள். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அவனுக்கு அவள் பட்டாணி. அவளுடைய அம்மாவும் அவனும் பிரிந்து இரண்டு வருடமாகிறது. மாதத்தில் இரண்டு நாள் பட்டாணி அவனிடம் வருவாள். போன மாதம் வந்திருந்தபோது, ஒரு மருத்துவமனை லிஃப்டில் ஆட்கள் சிக்கிக்கொண்டார்கள் என்று அழைப்பு வந்தது. அவளைக் கீழே வரவேற்பு மேஜையருகே உட்கார வைத்துவிட்டு மேலே போனவன் திரும்பி வர நாற்பது நிமிடமாகிவிட்டது. அந்த நாற்பது நிமிடமும் அவள் அழாமல், அசையாமல், அவன் சொன்ன நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

விஷயம் அம்மாவின் காதுக்குப் போனது. இந்த முறை பட்டாணியை அனுப்பும்போது அவள் வாசல்படியில் நின்று, கத்தாமல், தாழ்ந்த குரலில் சொன்னாள். "இன்னொரு தடவை அப்படி நடந்தா நான் அனுப்ப மாட்டேன். அவளைக் கண்ணை விட்டு அகல விடாதீங்க. ஒரு நிமிஷம்கூட." அவன் தலையாட்டினான். எழுதித் தரச் சொல்லியிருந்தால் எழுதியே கொடுத்திருப்பான்.

சாலை சின்னதாகி, தார் தீர்ந்து, மண்ணாகி, கடைசியில் ஒரு மரக் கதவுக்கு முன்னால் நின்றது. அப்போது மணி ஐந்து. கதவைத் திறந்த பெண் ஐம்பது வயதுக்காரியாக இருக்கலாம். முழங்கை வரை கரி. அவனுக்கு வணக்கம் சொல்லவில்லை. பட்டாணியை மட்டும் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்றைக்கு வேறு யாரும் இல்லை, முழு இடமும் உங்களுக்குத்தான், விறகு வேண்டுமளவு எரிக்கலாம் என்று ஒப்பிப்பதுபோல் சொன்னாள். ராத்திரி எங்கே இருப்பீர்கள் என்று அவன் கேட்டான். தான் இங்கே தங்குவதில்லை என்று சொல்லிவிட்டு, அவர்கள் வந்த சாலையில் நடந்தே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே, மரங்கள் சூழ்ந்த ஒரு புல்வெளி. அதன் ஓரமாக, வட்டமாக, ஒன்பது கூடாரங்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே பழுப்பு வெள்ளை. ஒவ்வொன்றின் முன்னாலும் கல் அடுக்கிய ஒரு நெருப்புக் குழி, உட்கார ஒரு மரக்கட்டை. படத்தில் பார்த்ததைவிட அழகாகத்தான் இருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட கூடாரத்தில், கட்டிலில் வெள்ளை விரிப்பு, கம்பளி, தொங்கும் விளக்கு. பட்டாணி கட்டிலில் மூன்று முறை குதித்துப் பார்த்துவிட்டு, இது பாஸ் என்று தீர்ப்புச் சொன்னாள். அவனுக்குத்தான் ஏதோ ஒன்று உறுத்தியது. காரைக் கூடாரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என்னவென்று பிடிபட்டது. பூச்சிச் சத்தம் இல்லை. பறவை இல்லை. இத்தனை மரம் இருந்தும் ஓர் இலை உரசவில்லை. கதவு மூடிய லிஃப்டுக்குள் நிற்கும்போது காதை அடைக்குமே, அந்த மௌனம், திறந்த வானத்தின் கீழே.

இருட்டத் தொடங்கியதும், பட்டாணி தன் மஞ்சள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ள, நெருப்பு மூட்டினார்கள். தீக்குச்சியை அவளே கிழிக்க வேண்டும் என்றாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். சுள்ளி பிடித்தது, விறகு பிடித்தது, அவள் முகம் மஞ்சளானது. "நிஜ நெருப்புப்பா" என்று கிசுகிசுத்தாள். கோயிலில் நிற்பவள்போல் கையைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு கணத்துக்காக இன்னும் பன்னிரண்டு இடங்களைத் தேடலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

சோளக்கதிரைச் சுட்டுத் தின்று முடிக்கும் சமயத்தில் புல்வெளியின் எதிர்ப்பக்கம் இன்னொரு நெருப்பு தெரிந்தது. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. பிறகு இடப்புறம். யாரோ தாமதமாக வந்திருக்கிறார்கள், அந்தப் பெண்ணுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று நினைத்தான். உள்ளூர அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. எட்டு நெருப்புகளும் எரிய ஆரம்பித்த பிறகுதான், ஒரு காரின் சத்தமும் கேட்கவில்லையே என்று உறைத்தது.

"அங்கயும் ஒரு அப்பாவும் பொண்ணும் இருக்காங்கப்பா" என்றாள் பட்டாணி. கையை ஆட்டினாள். எதிர்ப்பக்க நெருப்பருகே உட்கார்ந்திருந்த சின்ன உருவமும் கையை ஆட்டியது.

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். எதிர்ப்பக்கம் ஒரு பெரிய உருவம், ஒரு சின்ன உருவம். அடுத்த நெருப்பில் ஒரு பெரியது, ஒரு சின்னது. அதற்கடுத்ததிலும் அப்படியே. முகம் தெரியவில்லை; நெருப்புக்கு இந்தப் பக்கம் நிழல், அந்தப் பக்கம் புகை. குடும்பங்கள், வேறென்ன, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் அவனுடைய காது அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தது. அவன் காலடியில் ஒரு விறகு வெடித்தது. அதே நொடியில், முன்னாலும் பக்கத்திலும் தூரத்திலும், எட்டு இடங்களில் எட்டு விறகுகள் வெடித்தன. தற்செயல். மறுபடி வெடித்தது. மறுபடி எட்டு. ஈர மரம் சீறியது, எட்டும் சீறின. அவன் மெல்ல ஒரு கட்டையை எடுத்துத் தன் நெருப்பில் போட்டான். பொறி பறந்தது. புல்வெளியைச் சுற்றி எட்டு இடங்களிலும் பொறி பறந்தது.

பட்டாணிக்குத் தெரியாமல், சோம்பல் முறிப்பவன்போல் இடது கையைத் தூக்கினான். எட்டுப் பெரிய உருவங்களும் கையைத் தூக்கின. இறக்கினான். இறக்கின. எழுந்தான். எழுந்தன. காற்றே இல்லை, ஆனாலும் ஒன்பது நெருப்புகளின் சுவாலையும் வட்டத்தின் நடுவைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

போய்விட வேண்டும். இப்போதே.

கைப்பேசியில் சிக்னல் இல்லை. கார் கூடாரத்துக்குப் பின்னால் இருந்தது. சாவி கூடாரத்துக்குள், கழற்றிப் போட்ட சட்டையின் பையில். அவளிடம், இங்கே குளிர் ரொம்ப இருக்கிறது, காரில் ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம், ஷூ போட்டுக்கொள் என்றான். அவள் ஏமாற்றத்தோடு உதட்டைப் பிதுக்கினாள்; ஆனாலும் குனிந்து ஷூவை இழுத்தாள். வட்டம் முழுவதும் சின்ன உருவங்கள் குனிந்தன.

பெரிய உருவங்களில் ஒன்று மட்டும் அவனைப்போல் நிற்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் இருந்தது. உட்கார்ந்துவிட்டது. அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

கூடாரத்தின் வாசல் மூன்று எட்டுத் தூரம்தான். அவளையும் தூக்கிக்கொண்டே உள்ளே போகலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படித் தூக்கினால் அவள் பயந்துவிடுவாள், பயந்தது அம்மாவுக்குத் தெரியவரும், அத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று அடுத்த நினைப்பு வந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது உதவியாளை மேலே நிறுத்தி, இடைவிடாமல் பேசச் சொல்வான். குரல் கேட்கிறவரை எல்லாம் சரி என்று அர்த்தம். அதுதான் நினைவுக்கு வந்தது.

"பட்டாணி, நான் சாவி எடுக்கிறேன். நீ சத்தமா எண்ணிக்கிட்டே இரு. நிறுத்தாதே."

"எத்தனை வரைக்கும்?"

"நான் வர்ற வரைக்கும்."

ஒன்று, இரண்டு என்று அவள் ஆரம்பித்தாள். அவன் உள்ளே பாய்ந்தான். விளக்கு அணைந்திருந்தது. ஐந்து, ஆறு. கட்டிலைத் தடவினான், சட்டை கைக்குக் கிடைக்கவில்லை. உள்ளே புகை நாற்றம். விறகுப் புகை இல்லை. பல நாள் பூட்டிக் கிடந்த அறையில் தலைமுடி கருகினால் வருமே, அது. ஒன்பது, பத்து. கம்பளிக்குக் கீழே சட்டை. பையைத் துழாவினான். பன்னிரண்டு. சாவி. இருந்தது. பதின்மூன்று என்று அவள் சொன்னபோது, அந்தச் சொல் கொஞ்சம் அகலமாகக் கேட்டது. ஒரு கூடத்தில் எதிரொலிப்பதைப்போல. பதினான்கு. எதிரொலி இல்லை அது. எதிரொலி பிந்தி வரும். இது கூடவே வந்தது. பதினைந்து. இடமிருந்து. வலமிருந்து. தலைக்குப் பின்னாலிருந்து.

துணியை விலக்கிக்கொண்டு வெளியே விழுந்தான்.

காலின் கீழே புல். முன்னால் புல். திரும்பினான். கூடாரம் இல்லை. பின்னாலும் புல்தான். அவன் புல்வெளியின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தான்.

சுற்றிலும் ஒன்பது நெருப்புகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கூடாரம், ஒரு கார். பெரிய உருவங்கள் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு நெருப்பின் பக்கத்திலும், மரக்கட்டையில், மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு சிறுமி. இப்போது முகம் தெரிந்தது. ஒன்பதும் ஒரே முகம். ஒரு காலில் ஷூ. மறு ஷூ கையில்.

பதினாறு. பதினேழு.

எண்ணுவது நின்றது. ஒன்பது பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"அப்பா."

அவன் காதைத் தீட்டினான். எதுவும் பிரியவில்லை. ஒரே அழுகைக் குரல். அதே மூக்கடைப்பு, கடைசியில் அதே இழுப்பு. எந்தப் பக்கம் உட்கார்ந்து சோளம் தின்றார்கள்? கார் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது? கதவு எங்கே? தலை சுற்றியது. சுற்றியதில் இருந்த கொஞ்சநஞ்சத் திசையும் போய்விட்டது. அப்போது வலப்புறத்தில் ஒரு நெருப்பு, ஊதியதுபோல், அணைந்தது. அங்கிருந்து வந்த அழுகை பாதிச் சொல்லில் அறுந்தது. இருட்டு.

அடுத்தது அணைந்தது.

அவன் ஓடினான். யோசிக்கவில்லை. கால் போன பக்கம், முன்னால் தெரிந்த நெருப்பை நோக்கி ஓடினான். அவள் கையை நீட்டினாள். அள்ளித் தூக்கினான். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பட்டாணியின் எடை. பட்டாணியின் தலைமுடி. நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, "அப்பா வந்துட்டேன், வந்துட்டேன்" என்றான்.

தோளில் இருந்தவள் பதில் சொல்லவில்லை. அழவும் இல்லை. அவளுடைய முகம் அவன் கழுத்தில் பதிந்திருந்தது. அந்த இடத்தில் மூச்சுக்காற்று படவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஆறு குரல்கள் அவனை அழைத்தன. ஐந்து. நான்கு. அவன் இறக்கிவிட முயன்றான். கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் விடவில்லை. மூன்று. இரண்டு. சுமையோடேயே திரும்பினான்.

புல்வெளியின் அந்தக் கோடியில் ஒரே ஒரு நெருப்பு மிச்சமிருந்தது. அதன் பக்கத்தில் இருந்தவள் அழுவதை நிறுத்தியிருந்தாள். அவன் வேறொருத்தியைத் தூக்கிக்கொண்டதைப் பார்த்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு மரக்கட்டையில் சரியாக நகர்ந்து உட்கார்ந்து, குனிந்து, இரண்டாவது ஷூவைப் போட்டாள். நாடாவை முடிச்சுப் போட்டாள். சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி போட்டாள். முடித்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல், அவனைப் பார்த்துக் காத்திருந்தாள். அவளுடைய ஷூவின் உயரத்துக்குச் சுவாலை தாழ்ந்துகொண்டிருந்தது.