கழுத்தளவா, இடுப்பளவா?

பால் காய்ச்சினேன். மதியச் சாப்பாட்டைக் கட்டினேன். மகளுக்குத் தலை வாரினேன். வகிடு நேராக இருக்கிறது என்றேன். அவள் நம்பாமல் கண்ணாடியைத் தேடினாள். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

அன்று அவளுக்கு ஒரு வழக்கு இருந்தது. பள்ளி நூலகத்தை மாடியிலிருந்து கீழ் அறைக்கு மாற்றப் போகிறார்கள். அந்த அறையில் பல வருடங்களுக்கு முன் ஒருமுறை வெள்ளம் புகுந்திருக்கிறது. மறுபடியும் வந்தால் புத்தகங்கள் கூழாகிவிடும் என்பது அவள் கவலை.

வெள்ளத்தை நேரில் பார்த்தவர்களைத் தேடிப் பிடித்தாள். தண்ணீர் கழுத்தளவு என்றார் அவளுடைய மாமா. இடுப்பளவு என்றார் தையல்காரர். முட்டியளவு என்றார் பள்ளியின் காவலாளி.

"ஆளுக்கு ஒண்ணு சொன்னா எதைம்மா நம்பறது?" என்றார் தலைமையாசிரியை. முட்டியளவுதான் என்றால் மேல் தட்டுகளில் அடுக்கிவிடலாமே என்றும் சொன்னார். சுவரில் கறை இல்லை. வெள்ளையடித்திருந்தார்கள். பெட்டிகள் மாடியிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தன.

வக்கீல் மூவரையும் அந்த அறைக்கே வரவழைத்துவிட்டாள். நானும் போனேன்.

"மாமா, அப்போ நீங்க என்ன படிச்சீங்க?"

"ஒண்ணாம் வகுப்பு. இந்தத் தையல்கார அண்ணன்தான் என்னைத் தூக்கிட்டுப் போனாரு."

ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றை அழைத்து வந்து சுவரோரம் நிறுத்தினாள். கழுத்தருகே சாக்பீஸால் ஒரு கோடு. பக்கத்தில் தையல்காரரை நிறுத்தினாள். இடுப்பருகே ஒரு கோடு. இரண்டும் ஒரே உயரம்.

மாமா தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

காவலாளி மட்டும் முட்டியை விடுவதாக இல்லை. எங்கே நின்று பார்த்தீர்கள் என்று வக்கீல் கேட்டாள்.

"பெஞ்சு மேலதான் நின்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை.

"மனுஷங்களைக் கேட்டாச்சு, டீச்சர். சுவரையும் கேட்கணும்."

வெள்ளையடித்தபோது கரும்பலகையைக் கழற்றினார்களா என்று விசாரித்தாள். இல்லையாம். காவலாளி திருகாணிகளைக் கழற்றினார். மாமாவும் தையல்காரரும் பலகையை இறக்கினார்கள்.

பின்னால் பழைய சுவர். அதில் பழுப்பாய் நீண்ட ஒரு கறை, சாக்பீஸ் கோடுகளுக்கு நேராக.

வாசலில் கூடியிருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். தலைமையாசிரியை அந்தக் கறையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முதல் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

வக்கீலின் தலையில் சுண்ணாம்புத் தூள். தட்டிவிட்டேன். வழக்கில் ஜெயித்தாயிற்றே, இன்னும் ஏன் முறைக்கிறாய் என்று கேட்டேன்.

"வகிடு கோணல்தான்பா. மூணு சாட்சியையும் கேட்டுட்டேன்."