ஹாரன் கேட்டால் நகரக்கூடாது

முதல் சத்தம் பைன்மர முனையிலிருந்து வந்தது. தூக்குவாளி மூடியில் கல்லால் மூன்று தட்டு. முதல் இரண்டும் கணீரென்று கேட்டன. மூன்றாவது மட்டும் நசுங்கிய தகரத்தில் விழுந்ததுபோல மொண்ணையாக இருந்தது. மொக்கையன் என்ஜின் வேகத்தைக் குறைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டான். படகின் அடியில் தண்ணீர் மோதிச் சளசளப்பதும், கரையோரப் பைன் மரங்களில் காற்று இழுத்து இழுத்து மூச்சு விடுவதும் மட்டும் கேட்டன. அந்த முனையில் வீடும் கிடையாது, தேயிலையும் கிடையாது. மூன்று பக்கம் தண்ணீர், நாலாவது பக்கம் ஆள் ஏற முடியாத பாறை. படகு இல்லாமல் யாரும் அங்கே போக முடியாது. அன்று அணையில் ஓடிய ஒரே படகை அவன்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்ண்ணா, யாரோ தட்டறாங்களே?" என்றாள் பின் இருக்கையிலிருந்த பிரதீபா.

"மரங்கொத்திம்மா."

சொன்ன பிறகுதான், எத்தனை சுலபமாகப் பொய் வருகிறது என்று தோன்றியது.

அந்தப் பெண்ணும் அவள் கணவன் தங்கதுரையும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தவர்கள். சூரியநெல்லியில் அறை எடுத்திருந்தார்கள். சாயங்காலச் சுற்றுக்கு அவர்கள் இருவரைத் தவிர ஆள் இல்லை. படகுத்துறைப் பலகையில் 'குடா சுற்று, ஐந்து காட்சி முனைகள்' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அணையின் தண்ணீர் மலைகளுக்குள் கை நீட்டிப் புகுந்து, ஒரு இடத்தில் கடல்போல அகன்று வளையும். அதைத்தான் குடா என்றார்கள். பைன்மர முனை, வெள்ளைப்பாறை, தண்ணீருக்குள் இறங்கி மறையும் பழைய ரோடு, மொட்டைமரத் திட்டு, கடைசியாக எதிர்க்கரைத் தேயிலை. ஒவ்வொன்றிலும் படகை நிறுத்தி, இறக்கிவிட்டு, போட்டோ எடுக்கவிட்டு, ஏற்றிக்கொண்டு வரவேண்டும்.

"இவளுக்குத் தண்ணியக் கண்டாலே ஆகாதுங்க," என்றான் தங்கதுரை. "கெணத்த எட்டிப் பாக்கறதுக்கே எம்பட கையப் புடிச்சுக்குவா."

"ஆமாமா. மலம்புழாவுல போட்டுல ஏறி வாந்தியெடுத்தது நானாக்கும்?"

"அது காலைல தின்ன புட்டுனாலங்க."

மொக்கையன் சிரிக்க முயன்றான். உதடு ஒத்துழைக்கவில்லை. படகை முனையில் ஒட்டாமல் வெள்ளைப்பாறைப் பக்கம் திருப்பினான். அவன் வலது கட்டைவிரல் ஸ்டீயரிங் பக்கத்திலிருந்த சிவப்புப் பொத்தானைத் தானாகத் தேடிப் போயிருந்தது. அதை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டான்.

அந்தத் தண்ணீரில் ஒரு வழக்கம் உண்டு. எதிர்க்கரையில் போன் எடுக்காது. அங்கே கொழுந்து கிள்ளப் போகிறவர்கள் படகைத் தவறவிட்டால் கரையில் நின்று மூடியில் மூன்று தட்டு தட்டுவார்கள். கேட்ட படகுக்காரன் ஒரு நீள ஹாரன் கொடுப்பான். கேட்டுவிட்டது, அங்கேயே இரு, வருகிறேன் என்று அர்த்தம். ஹாரன் கேட்ட பிறகு அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் மூடுபனியில் படகு கரை கரையாக அலைய வேண்டிவரும். ஹாரன் வராவிட்டால் இருட்டுவதற்குள் மேட்டுப்பாதை ஏறி வாட்சர் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். அரைமணி நேர ஏற்றம். இருட்டினால் கரை யானைகளுக்குச் சொந்தம்.

வெள்ளைப்பாறையை நெருங்கும்போது மறுபடியும் கேட்டது.

கணீர். கணீர். பிறகு அந்த மொண்ணைத் தட்டு.

பாறை முழுக்க அவன் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஈரக் கல், காய்ந்த பாசி, பறவை எச்சம். ஒரு மனிதரும் இல்லை. சத்தம் மட்டும் பாறைமேல் யாரோ உட்கார்ந்து தட்டுவதுபோல, அவன் முகத்துக்கு நேராக வந்தது. அதோடு ஒரு வாசனை. நனைந்த சாக்கும், கசங்கிய பச்சைக் கொழுந்தும், அடியில் வெகுநாள் கிடந்த சேறும் கலந்த வாசனை.

"இதுவும் மரங்கொத்தியாங்ண்ணா?" என்றாள் பிரதீபா. இந்த முறை குரலில் கிண்டல் இல்லை.

அந்த மூன்றாவது தட்டை மொக்கையனுக்குத் தெரியும். கொழுந்துக்காரி சின்னத்தாயின் தூக்குவாளி மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். பாறையில் விழுந்து நசுங்கியது. படகில் ஏறும்போதெல்லாம் அவள் அதைக் காட்டி, "எம்புருசன் மூஞ்சி மாதிரியே இருக்கு பாரு மொக்கையாண்ணே," என்பாள். படகே சிரிக்கும்.

போன ஐப்பசியில் அவள் கடைசிப் படகைத் தவறவிட்டாள். அவன் சுற்றுலாக்காரர்கள் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தான். அவர்களுக்கு மூணாறில் பஸ் பிடிக்கவேண்டிய அவசரம். பின்னாலிருந்து மூன்று தட்டு கேட்டது. அவன் விரல் பொத்தானை அழுத்தியது. யோசித்து அழுத்தியதல்ல. பதினாறு வருடப் பழக்கம் அழுத்தியது. இவர்களை இறக்கிவிட்டு வந்து கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். இறக்கிவிட்டபோது பனி இறங்கியிருந்தது. ஒரு டீ குடித்தான். இன்னும் கொஞ்சம் பனி. இந்நேரம் மேட்டுப்பாதை ஏறியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டான். ஹாரன் கேட்டவள் ஏற மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் படகைக் கட்டினான்.

காலையில் கரையோரத் தண்ணீருக்குள் கிடந்தாள். யானை துரத்தித் தண்ணீருக்குள் விழுந்திருக்கிறாள் என்றார்கள். சத்தம் ஏதாவது கேட்டதா என்று போலீஸ் கேட்டது. கேட்கவில்லை சார் என்றான். அதன் பிறகு தோட்டக்காரர்களின் வரிசை வீடுகளில், லயம் முழுக்க ஒரே பேச்சுதான். இருட்டும் வரை எதற்காக அங்கேயே உட்கார்ந்திருந்தாள்? குடித்திருந்தாளா? யாருக்காவது காத்திருந்தாளா? செத்தவளின் பெயரை ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். அவன் மனைவி ராமலட்சுமியும் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "புத்தி கெட்ட சிறுக்கி. கால் இருக்குல்ல, ஏறி வர வேண்டியதுதான?" அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

இந்தத் திங்கட்கிழமையிலிருந்து ராமலட்சுமியை எதிர்க்கரைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆள் பற்றவில்லையாம். போகாதே என்று அவன் சொன்னதற்கு, "போட்டு ஓட்டுறது நீங்க. என்னைய விட்டுட்டா வந்துருவீக?" என்று சிரித்தாள். மேட்டுப்பாதையோரம் மூன்று நாளாக ஒரு யானைக் கூட்டம் நிற்கிறது, குட்டியும் இருக்கிறது என்று வாட்சர் காலையில் சொல்லியிருந்தான். கொழுந்து நிறுத்து முடித்து ஐந்து மணிக்கு அவள் கரைக்கு வருவாள். படகு நிற்காவிட்டால் தட்டுவாள்.

டங். டங். மொண்ணைத் தட்டு.

இப்போது பழைய ரோட்டிலிருந்து. தார் தண்ணீருக்குள் இறங்கும் இடத்திலிருந்து. அது அடங்குவதற்குள் மொட்டைமரத் திட்டிலிருந்து. பிறகு விட்டுவந்த பைன்மர முனையிலிருந்து. குடாவைச் சுற்றி ஒவ்வொரு முனையாக, நிதானமாக, காலையில் பெரட்டுக்களத்தில் வேலையாட்களைப் பெயர் கூப்பிடுவதுபோல.

"அண்ணா, திருப்புங்ண்ணா," என்றாள் பிரதீபா. "ஊட்டுக்குப் போலாம்."

"அஞ்சு முனைன்னு போட்டிருக்கீங்க, ரெண்டுதான ஆச்சு?" என்று ஆரம்பித்த தங்கதுரை, மொக்கையனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"எம்பொண்டாட்டி எதிர்க்கரையில நிக்கிறா சார். கூட்டிட்டு நேரா போயிருவோம்."

ஹாரன் கொடுக்கப் போவதில்லை. அதில் மட்டும் உறுதியாக இருந்தான். எந்தச் சத்தத்துக்கும் கொடுக்கப் போவதில்லை. கண்ணால் பார்த்து, கையால் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். மணி நாலே முக்கால். கேப் ரோட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து இறங்கிய பனி மலைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு தண்ணீருக்கு வந்திருந்தது. வெளிச்சம் இருந்தது. வெளிச்சத்துக்குள் பார்க்கத்தான் எதுவும் இல்லை. வெள்ளையைக் கிழித்துக்கொண்டு படகு போனது. லைஃப் ஜாக்கெட்டுகளின் பூஞ்சை நாற்றமும் பெட்ரோல் வாடையும் பனியில் கனத்து மூக்கில் ஒட்டின.

கரை திடீரென்று எதிரே வந்தது. செம்மண் விளிம்பு. உட்காரும் கல். கல்லின்மேல் அவள்.

நீல பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்திக்கொண்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ராமலட்சுமியின் தாள்தான். கொழுந்துக்காரிகள் எல்லோரிடமும் அந்தத் தாள் இருக்கும் என்பது அந்தக் கணத்தில் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. மார்புக்குள் இருந்த ஏதோ ஒன்று தளர்ந்து, அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏய், வா வா. சீக்கிரம் ஏறு."

எழுந்து வந்தாள். தலை கவிழ்ந்திருந்தது. படகு துளிகூட அசையாமல் ஏறினாள். அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

"பேச்சக் காணோம். கோவமா?" என்றான், படகைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டே. "அஞ்சு மணிக்கு முன்னாலயே வந்துட்டேன்ல?"

தாளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு. சொட்டு. இன்று மழை பெய்யவில்லை.

"அக்கா முழுக்க நனைஞ்சிருக்காங்க," என்றாள் பிரதீபா மெதுவாக. பிறகு, "கை ஐஸா இருக்குங்க... ஏனுங்க, கொஞ்சம் இங்க வாங்களேன். ஏனுங்க."

அவள் கணவன் பக்கமாக நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

நனைந்த சாக்கு. கசங்கிய கொழுந்து. சேறு.

மொக்கையன் திரும்பிப் பார்க்கவில்லை. படகு கரையிலிருந்து நூறடி வந்திருந்தது.

கணீர். கணீர். கணீர்.

மூன்றும் கணீர். நேற்று வாங்கிய தூக்குவாளியின் புது மூடி.

"ஏங்க!"

பனி ஒரு கை அகலத்துக்கு விலகியது. தேயிலை வரிசைகளுக்கு நடுவிலிருந்து ராமலட்சுமி ஓடிவந்தாள். ஒரு கையில் மூடி, ஒரு கையில் கல். நீலத் தாள் இடுப்பில் கட்டியிருந்தது. படகு போவதைப் பார்த்து நின்றாள். மேட்டுப்பாதையை ஒருமுறை பார்த்தாள். படகை ஒருமுறை பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

அவன் விரல் பொத்தானை அழுத்தியது.

யோசிக்கவில்லை. அழுத்திவிட்டது. நீள ஹாரன் தண்ணீரில் உருண்டு போய்க் கரையில் முட்டியது. ராமலட்சுமி கையைத் தூக்கி ஆட்டினாள். சிரிப்பது இங்கிருந்தே தெரிந்தது. மேட்டுப்பாதைக்கு முதுகைத் திருப்பினாள்.

அவன் விரலை எடுக்கப் பார்த்தான். எடுக்க முடியவில்லை.

விரல்மேல் ஒரு கை இருந்தது. பின்னாலிருந்து, தோளுக்கு மேலாக வந்த கை. தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய தோல். நகக்கண்களில் கொழுந்துக் கறை. ஓங்கி அழுத்தவில்லை. பிள்ளைக்கு எழுத்துப் பழக்குவதுபோல, அவன் விரலின்மேல் தன் விரலை வைத்திருந்தது.

ஹாரன் நிற்கவில்லை.

இடது கையால் ஸ்டீயரிங்கை ஒடித்தான். சுற்றியது. படகு திரும்பவில்லை. நேராக, மெதுவாக, கரையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

"ஓடு!" என்று கத்தினான். "ராமு, ஓடு! மேல ஏறு! நிக்காத!"

அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. ஹாரன் மட்டும்தான். கரையில் அவள் காதுக்குக் கையை வைத்துப் பார்த்தாள். புரிந்ததுபோலத் தலையாட்டினாள். சரி, சரி, இருக்கிறேன்.

அவன் கழுத்தில் குளிர்ந்த மூச்சு பட்டது. மூச்சில் சேற்று வாடை. காதோரம் அந்தக் குரல், எப்போதும்போலக் கிண்டலாக.

"கால் இருக்குல்ல மொக்கையாண்ணே. ஏறிப் போக மாட்டா?"

கரையில் தேயிலை வரிசைகளுக்குப் பின்னால் பனி அசைந்தது. பனி அல்ல. சாம்பல் நிறம். ஒன்று. அதன் பின்னால் இன்னொன்று. அவற்றின் கால்களுக்கு நடுவே சின்னதாக ஒன்று. சத்தமில்லாமல் இறங்கின. ஹாரன் ஒலிக்கும்வரை எந்தச் சத்தமும் அவளுக்குக் கேட்கப்போவதில்லை.

ராமலட்சுமி கல்லில் ஒட்டியிருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். படகைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். நீலத் தாளை அவிழ்த்துத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, காத்திருக்க வசதியாகக் கால்களை மடக்கிக்கொண்டாள்.