முள் பூஜ்யத்துக்கு வரவில்லை

நகரத்து அதிகாரியின் கார் பாலத்தைக் கடந்து எங்கள் கரைக்கு வந்தபோது மணி ஐந்தே முக்கால். ஆற்றின் மேல் இன்னும் வெயில் கிடந்தது. பாலத்தைத் தூக்கி இறக்கும் என் கேபினுக்குள் வந்தவர், காலையில்தான் நான் துடைத்திருந்த நாற்காலியைக் கைக்குட்டையால் மறுபடி துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஆறு மணிக்குப் பாலத்தைத் தூக்கிடும்மா. காலைல ஆறுக்குத்தான் இறக்கணும். இனிமே தினமும் இப்படித்தான்."

"படகு எதுவும் வரலையே சார்?"

"படகுக்கு இல்ல. இந்தக் கரை ஆளுங்க இருட்டினப்புறம் நகரத்துல சுத்தறாங்கன்னு புகார். தூக்கினதை நான் பார்த்தப்புறம், என் காருக்கு மட்டும் ஒரு தடவை இறக்கி விடும்மா."

நானும் இந்தக் கரை ஆள்தான். நகரத்தின் ஆஸ்பத்திரித் தரையைத் துடைப்பதும், ஓட்டலில் பாத்திரம் கழுவுவதும் நாங்கள்தான். பகலில் வேண்டும், இருட்டினால் வேண்டாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடப் பெரிய கவலை அக்கா. நகரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடிந்து ஏழு மணிக்கு மேல்தான் திரும்புவாள், வாரத்தில் மூன்று நாள். பாலம் இல்லையென்றால் சுற்றி வர நாற்பது கிலோமீட்டர். அவள் உடம்பு தாங்காது.

"முள் பூஜ்யத்துல நின்னாத்தான் சார் தூக்கலாம்," என்றேன்.

பாலத்தின் மேல் எவ்வளவு எடை இருக்கிறது என்று காட்டும் மீட்டர் அது. பூஜ்யம் வராமல் லீவரைத் தொடக் கூடாது. அந்த விதி சும்மா வரவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் வெள்ளத்துக்குப் பயந்து எங்கள் சனம் நகரத்தை நோக்கி ஓடியபோது, மேலிடத்து உத்தரவு என்று பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். அறுபத்திரண்டு பேர் விழுந்தார்கள். பாதிப் பேர் கிடைக்கவே இல்லை.

ஆறு மணிக்குச் சங்கு ஊதினேன். தடுப்புக் கட்டை இறங்கியது. கடைசி சைக்கிளும் போய், பாலம் காலியானது.

முள் அறுபதில் நின்றது.

ஒரு ஆள் எடை.

"ரிப்பேர்," என்று அதிகாரி மீட்டரைத் தட்டினார்.

முள் நூற்றிருபதுக்குப் போனது.

ஜன்னல் சாத்தியிருந்தும் உள்ளே சேற்று நாற்றம் வந்தது. வெளியே இரும்புத் தகட்டின் மேல் வெறுங்கால்கள் நடக்கும் சத்தம். ஈரமான கால்கள். அவசரமே இல்லாத நடை.

"யாருமே இல்லையேம்மா." அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஆள் இருக்குன்னு முள் சொல்லுதே சார்."

என்னைத் தள்ளிவிட்டு அவரே லீவரை இழுத்தார். மோட்டார் முக்கியது. பாலம் ஒரு சாண் எழுந்தது.

ஆயிரம். இரண்டாயிரம். நாலாயிரம்.

அறுபத்திரண்டு பேரின் எடையைத் தாண்டியும் முள் நிற்கவில்லை.

பாலம் மெல்லத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. லீவர் அவர் கையை மீறித் திரும்பியது.

நான் ஜன்னலைத் திறந்தேன்.

"பாலத்தை விட்டு இறங்காதீங்க!" என்று கத்தினேன். "யாரும் இறங்காதீங்க!"

நடைச் சத்தம் நின்றது. காலிப் பாலத்திலிருந்து அத்தனை பேரும் என்னை நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது.

அதிகாரி காருக்கு ஓடினார். பாலத்தைப் பார்த்ததும் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"வேற... வேற வழி இருக்காம்மா?"

"இருக்கு சார். சுத்திப் போனா நாப்பது கிலோமீட்டர்."

அந்த வழியிலேயே போனார். நான் தடுப்புக் கட்டையை ஏற்றிவிட்டேன்.

ஏழரைக்கு அக்கா நடந்து வந்தாள். எப்போதும் பாதிப் பாலத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுபவள், அன்று உட்காரவில்லை.

"என்னடி இன்னைக்கு இவ்ளோ கூட்டம்? நடக்கவே இடமில்ல. நல்லவேளை, ஒரு அம்மா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. கை ஜில்லுன்னு இருந்துச்சு."

அவள் மணிக்கட்டில் ஐந்து விரல்களின் ஈரம். முந்தானையால் துடைத்தேன். மறுபடி ஊறியது.

மூன்று வாரமாகிறது. தினமும் போனில் உத்தரவு வருகிறது. முள் இறங்கவில்லை என்று தினமும் சொல்கிறேன். வந்து பார்க்க ஒருவருக்கும் தைரியம் இல்லை.

அக்காவின் மணிக்கட்டை நான் இப்போது துடைப்பதில்லை.