மூன்றாம் மாடிக் கம்பிக்கு ஒரு பில்

"ஐயோ...!"

அலறல் மூன்றாம் மாடியில் கிளம்பியது. தரையைத் தொட்டதும் நின்றுவிட்டது.

தொப்!

அதன் பிறகு அந்தத் தெருவில் ஒரு காக்காய்கூட வாயைத் திறக்கவில்லை.

கார் நிறுத்தும் சிமென்ட் தரையில் குப்புறக் கிடந்தவர், அந்த ஆறு வீட்டுக் கட்டடத்தின் சொந்தக்காரர். ஒன்றாம் தேதி விடிவதற்குள் ஆறு கதவையும் தட்டி வாடகை வாங்குகிற மனிதர். தெரு அவருக்கு வைத்த பெயர் 'மாசாமாசம்'.

இனி எந்த மாசமும் அவருக்கு இல்லை!

பக்கத்திலேயே எட்டடி நீளப் பால்கனிக் கம்பி. அவரோடு சேர்ந்தே இறங்கியிருந்தது.

இருபதாவது நிமிடம் ஜீப் வந்தது. இறங்கிய பெண் இன்ஸ்பெக்டர் முறைத்தால் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் பால்கூடத் திரிந்துவிடும் என்று ஸ்டேஷனில் பேச்சு.

"மேல யாரு இருந்தது?"

"நான்தான் மேடம்..." மூன்றாம் மாடியில் குடியிருக்கும் டெய்லர். கழுத்தில் அளவு டேப். "உள்ள மெஷின்ல தைச்சுக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தா கம்பியும் இல்ல... ஆளும் இல்ல!"

"புளுகுறான் மேடம்!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார் ஒருவர். கையில் தோல் பை. மாசாமாசத்தின் ஆடிட்டர்.

"நான் கீழ நின்னு அண்ணனைப் போட்டோ எடுத்துட்டிருந்தேன். மேல இவன் ஒருத்தன்தான்! அண்ணன் கட்டடத்தை விக்கிறதா இருந்தார். வித்தா இவன் காலி பண்ணணும். அந்தக் காண்டுல தள்ளிவிட்டுட்டான்!"

"என்னத்துக்குப் போட்டோ?"

"வரிக்கு மேடம். விக்கிற லாபத்துல கட்டடத்துக்குப் பண்ணின செலவைக் கழிச்சுக் காட்டினா வரி குறையும். போன மாசம்தான் புதுக் கம்பி போட்டோம், எண்பதாயிரம்! ஓனர் பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரு போட்டோ இருந்தா நல்லதுன்னு..." பையைத் திறந்து ஒரு தாளை உருவினார். "இந்தாங்க பில்! புதுக் கம்பி தானா உடையுமா? இவன்தான் போல்ட்டைக் கழட்டி வெச்சிருக்கான்!"

இன்ஸ்பெக்டர் பில்லை வாங்கிக்கொண்டார்.

"ஏட்டு! டெய்லரை ஏத்துங்க."

க்ளிக்!

விலங்கு மாட்டிய கையோடு டெய்லர் இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்தார்.

"மேடம்... ரெண்டு பொம்பளப் புள்ளைங்க மேடம்! தாயும் இல்ல. நான் உள்ள போனா அதுங்க தெருவுக்கு வந்துரும்! சத்தியமா எனக்கு இவர் குரல்தான் கேட்டுச்சு... 'இன்னும் கொஞ்சம் பின்னால சாயுங்கண்ணே'ன்னு கீழேர்ந்து கத்தினாரு!"

"போட்டோன்னா சாய்ஞ்சு நில்லுன்னுதான்யா சொல்லுவாங்க!" என்றார் ஆடிட்டர். "இதென்ன பெரிய குத்தமா?"

ஏட்டு டெய்லரைத் தூக்கி நிறுத்தும்போது ஒரு ஸ்கூட்டர் கிறீச்சிட்டது.

"அத்தான்...!"

இறந்தவரின் மச்சினன். நிலத் தரகர். பத்து வார்த்தைக்கு எட்டு பொய் சொல்லிப் பிழைக்கிறவன். இப்போது அழுத அழுகையில் மட்டும் ஒரு கலப்படமும் இல்லை.

"நாளைக்குக் கையெழுத்து மேடம்! ஒரு வருஷமா மல்லுக்கட்டி இப்பத்தான் மசிஞ்சாரு. 'மாசாமாசம் வாடகை வருதுடா'ன்னு இதையே கட்டிப் புடிச்சுக்கிட்டிருந்தாரு. வர்றதுல பாதி மோட்டாருக்கும் பெயின்ட்டுக்கும் போயிடுது, மீதியில வரி! இதை வித்துட்டு மனை வாங்குங்க, கட்டடம் கிழடாகும் அத்தான், மனை கிழடாகாது, பத்து வருஷத்துல விலை மூணு மடங்காயிரும்னு சொல்லிச் சொல்லி..."

"ஆடிட்டர் என்ன சொன்னாரு?"

"விக்கவே கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னாரு! 'விலை ஏறுறதெல்லாம் காகிதத்துலதான், மளிகைக் கடையில காகிதத்தை நீட்டுவியா?'ன்னாரு. சரி, வித்தா லாபத்துல வரி எவ்வளவு போகும்னு கணக்குப் பாக்கலாம், ஆறு வருஷமா கட்டின வரி ரசீதைக் கொண்டாங்கன்னு அத்தான் கேட்டாரு. நாளைக்கு, நாளைக்குன்னு பத்து நாளா இழுக்கிறாரு மனுஷன்!"

இன்ஸ்பெக்டர் சரக்கென்று திரும்பினார்.

"ரசீதெல்லாம் எங்க?"

"ஆ... ஆபீஸ்ல மேடம்..."

"கம்பி வாங்கின பில் பையிலேயே இருக்கு. ஆறு வருஷ ரசீது ஆபீஸ்லயா?"

ஆடிட்டரின் வழுக்கைத் தலையில் வியர்வை வாய்க்கால் வெட்டியது.

பில்லின் அடியில் ஒரு போன் நம்பர். இன்ஸ்பெக்டர் தட்டினார். ஸ்பீக்கரைப் போட்டார்.

"வணக்கம்! வெல்டிங் ஒர்க்ஸ்!" தேனில் முக்கியெடுத்த பெண் குரல்.

"மூணாம் மாடிப் பால்கனிக்குக் கம்பி போட்டது நீங்கதானே?"

"நாங்கதாங்க! யானை சாய்ஞ்சாக்கூட அசையாது!"

"ஓனர் சாய்ஞ்சாரு. அசைஞ்சிருச்சு. ஆளு போயிட்டாரு. கம்பி போட்டவங்க மேலதான் கொலைக் கேஸு. அட்ரஸ் சொல்லுங்க, ஜீப் அனுப்பறேன்."

குரலில் இருந்த தேன் வற்றியது.

பிறகு போனே வெடித்துவிடும்போல ஒரு கூச்சல்!

"அம்மா தாயே! எனக்கு வெல்டிங்னா என்னன்னே தெரியாது! நான் ஆடிட்டர் சம்சாரம்! வரி ஆபீஸ்லேர்ந்து போன் வந்தா இப்படிச் சொல்லுன்னு இவருதான் எழுதிக் கொடுத்தாரு... ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கேன்மா!"

இன்ஸ்பெக்டர் குனிந்து, உடைந்த கம்பியின் முனையைச் சாவியால் சுரண்டினார். புது நீலப் பெயின்ட் உரிந்தது. உள்ளே பன்னிரண்டு வருடத் துரு, நனைந்த பிஸ்கட்டாக உதிர்ந்தது.

மாசாமாசம் அன்றைக்குப் பில்லைப் பார்த்துப் பணம் கொடுத்தார். கம்பியைப் பார்க்கவில்லை.

"எண்பதாயிரத்தை முழுங்கிட்டு துரு மேல பெயின்ட் அடிச்சிருக்கீங்க. வரி கட்டச் சொல்லி அவர் கொடுத்த பணமும் அதே வயித்துக்குள்ளதான் போயிருக்கு. விக்கப் போனா எல்லாம் வெளிய வந்துரும். அதனால, 'இன்னும் கொஞ்சம் சாயுங்கண்ணே'... இல்லையா?"

ஆடிட்டர் ஓடினார். மூன்றே எட்டு. நாலாவது எட்டுக்கு ஏட்டின் பூட்ஸ் குறுக்கே வந்தது.

விலங்கு கை மாறியது. டெய்லர், விடுபட்ட மணிக்கட்டைத் தடவிக்கூடப் பார்க்காமல் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இருக்கும் திசையில் ஓடினார்.

"பாவி! எங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!" மச்சினன் பாய்ந்ததில் ஆடிட்டரின் சட்டைப் பை கிழிந்து தொங்கியது.

"மேடம்... நன்றி கெட்டவன் இல்ல மேடம் நான்!" ஆடிட்டர் தேம்பினார். "அந்த மனுஷனுக்கு எவ்வளவு வரி மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கேன் தெரியுமா?"

போர்வை மூடிய உடலை ஒரு கணம் பார்த்தார் இன்ஸ்பெக்டர்.

"தெரியுதே! இனிமே அவர் ஒரு பைசா வரி கட்ட வேணாம். ஆறு வருஷத்துல நீங்க அவருக்கு நிஜமா வாங்கிக் கொடுத்த ஒரே வரி விலக்கு இதுதான்... ஏறுங்க சார்!"