மரியம் நாச்சியார் கேட்ட ஒரே கேள்வி

மேற்கே பனங்காட்டுக்குப் பின்னால் கதிரவன் இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கே கடலின் விளிம்பிலிருந்து முழுமதி செம்பொன் தாம்பாளம் போல் மெல்ல எழும்பிய அந்த அந்தி வேளையில், பொருநை நதி கடலைத் தழுவும் கழிமுகத்து மணல்மேட்டில் அரசி உலகமுடையாள் நாச்சியாரின் பாசறை வழக்கத்துக்கு மாறான அமைதியில் ஆழ்ந்திருந்தது. வெளியே முத்துக்குளிக்கும் பரதவர் கூட்டம் துடுப்புகளை ஊன்றியபடி நின்றது. அவர்கள் எல்லோரும் கிறிஸ்துவின் வேதத்தைத் தழுவியவர்கள். அவர்கள் கண்கள் சிவந்திருந்தன.

அன்பு வாசகர்களே! உள்ளே விலங்கு பூட்டப்பட்டு நிற்கும் வீரனைச் சற்றுப் பாருங்கள். அவன்தான் அரசியின் கடற்படைத் தலைவன் கமால் நயினார் மரைக்காயன். அவன் உயிரோடு இருக்கும்வரை பறங்கிக் கப்பல் ஒன்றுகூட இந்தக் கழிமுகத்தில் நுழைய முடியாது. அப்பேர்ப்பட்டவன் தலைக்குத்தான் இன்று ஆபத்து வந்திருக்கிறது. கடற்கரைச் சிற்றாலயத்தில் இருந்த இயேசுபிரானின் உருவத்தின் மீது உமிழ்ந்தான் என்றும், அவருடைய தாயை வாய் கூசும் சொல்லால் ஏசினான் என்றும் அவன்மேல் குற்றம் சாட்டப்பட்டிருந்தது. பிறர் வணங்குவதை இழித்துரைப்பவன் எவனாயினும் சிரச்சேதம் என்பது அரசியின் தந்தை வகுத்துச் சென்ற சட்டம்.

"பாதிரியாரே, குற்றம் சாட்டுபவர் தாங்கள்தாமே?" என்று அரசி கேட்டாள்.

நரைத்த தாடியுடைய சிமோன் பாதிரியார் தலை தாழ்த்தினார். "ஆம், தேவி. நான் கண்ணால் காணவில்லை. கண்டவன் ஒருவனை எங்கள் பறங்கிக் கப்பல் தலைவர் அனுப்பியிருக்கிறார். நயினாரின் மரக்கலத்திலேயே வேலை செய்தவன், அவர் மதத்தவன். ஆகையால் நம்பினேன். வருத்தத்தோடுதான் நம்பினேன்."

அரசி கைதியின் பக்கம் திரும்பினாள். "நயினாரே, ஒன்று கேட்கிறேன். இவர்கள் வணங்கும் இயேசுவை இறைவன் என்று நீர் ஒப்புக்கொள்கிறீரா?"

பாசறையின் ஓரத்தில் தொங்கிய பச்சைத் திரை நடுங்கியது. அதற்குப் பின்னால் நின்றவள் நயினாரின் மனைவி. 'மச்சான், ஏதாவது பூசி மெழுகிச் சொல்லிடுங்களேன்!' என்று அவள் நெஞ்சு கதறியது. ஆனால் அந்த மனிதருக்குப் பூசி மெழுக வராது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"இல்லை, தேவி" என்றான் நயினார். "ஈசா அலைஹிஸ்ஸலாம் இறைவனின் தூதர். தந்தையின்றி, 'ஆகுக' என்ற இறைவனின் ஒரு சொல்லால் பிறந்தவர். தொட்டிலிலேயே பேசியவர். ஆனால் பசித்தால் உண்டார், களைத்தால் உறங்கினார், நெற்றியை மண்ணில் வைத்துத் தொழுதார். தொழுதவர் யாரைத் தொழுதார்? அவனையே நானும் தொழுகிறேன். அவன் எவரையும் பெற்றவனுமல்லன், எவராலும் பெறப்பட்டவனுமல்லன்."

வெளியே துடுப்போடு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"நயினாரே!" என்றார் பாதிரியார், தாம் குற்றம் சாட்ட வந்தவர் என்பதையே மறந்தவராய். "எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்! முத்தின் மேல் ஆசை கொண்டவன் கரையிலேயே நிற்பானா? மூச்சை அடக்கிக் கடலடிக்கு இறங்குகிறான் அல்லவா? அப்படித்தான் மனிதர் மேல் கொண்ட அன்பினால் இறைவன் மனிதனாய் இறங்கி வந்தான்."

"அழகான பேச்சு, பாதிரியாரே. ஆனால் முத்துக் குளிப்பவன் ஏன் இறங்குகிறான்? கரையிலிருந்து அவன் கை எட்டாததால் இறங்குகிறான். என் இறைவனுக்கு எட்டாத ஆழம் எது? என் பிடரி நரம்பைவிட எனக்கு அருகில் இருப்பவன் எங்கிருந்து எங்கே இறங்கி வர வேண்டும்?"

"அன்பு அப்படியெல்லாம் கணக்குப் பார்க்காது, ஐயா!"

"அன்பு இல்லையென்று நான் சொன்னேனா?"

"போதும்!" என்று அரசி கையை உயர்த்தினாள். அவள் உதட்டோரத்தில் புன்னகை ஒன்று எட்டிப் பார்த்து மறைந்தது. "இந்த வழக்கைத் தீர்க்க நான் பிறக்கவில்லை. மறுப்பது வேறு, இழிப்பது வேறு. மறுத்ததற்கு என் நாட்டில் தண்டனை கிடையாது. இழித்தாரா என்பதே கேள்வி. சாட்சி எங்கே?"

தலைப்பாகையும் கைலியுமாய், தாடியைத் தடவியபடி ஒருவன் முன்னே வந்தான். "எம் பேரு உதுமானுங்க, மகாராணி. மேலைக் கரைக்காரன். நயினாரு கப்பல்ல பாய் கட்டுறவன். எங் கண்ணால பார்த்தேனுங்க. ஈசா முகத்துல துப்புனாரு. மரியத்த... சொல்ல நாக்கு கூசுதுங்க. அவ ஒழுக்கத்தையே பேசிட்டாரு. நானும் இஸ்லாமானவன், எம் மதத்து ஆளு மேல நான் ஏன் பொய் சொல்லணும்?"

அரசியின் முகம் இருண்டது. காவலன் வாளின் பிடியில் கை வைத்தான்.

"தேவி!" என்ற பெண்குரல் திரைக்குப் பின்னிருந்து எழுந்தது. "நான் அவருடைய மனைவி. என் பெயர் மரியம். அந்தத் தாயின் பெயரைத்தான் என் உம்மா எனக்கு இட்டார்கள். உலகத்துப் பெண்களில் எல்லாம் மேலாக இறைவன் தேர்ந்தெடுத்தவர் என்று எங்கள் வேதம் சொல்லும் அந்தத் தாயின் பெயரை! சாட்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும்."

"கேளுங்கள், அம்மா."

"உதுமான் காக்கா, ஈசா நபியின் பேரைச் சொன்னதும் நாமெல்லாம் பின்னாலேயே ஒன்று சொல்வோமே, அது என்ன?"

உதுமான் விழித்தான். "பின்னாலயா? அதான்... பேரச் சொன்னேனே."

"சற்று முன்பு நயினார் உன் காது கேட்கச் சொன்னாரே. அதைக்கூடவா நீ கவனிக்கவில்லை?" என்றாள் அரசி.

பாதிரியார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "தேவி, இது எனக்கும் தெரியும். மூன்று மழைக்காலமாக இவரோடு வாதிடுகிறேன். எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் சரி, அவர்மீது சாந்தி உண்டாகுக என்ற அந்தச் சொல் இல்லாமல் எங்கள் ஆண்டவரின் பெயரை இவர் உச்சரித்ததே கிடையாது. நடுவில் நின்று நின்று சொல்லுவார். எனக்கு எரிச்சல்கூட வந்திருக்கிறது! அடடா, இதை நான் எப்படி மறந்தேன்?"

"பதட்டத்துல விட்டுட்டேனுங்க!" என்று அலறினான் சாட்சி.

"அப்படியானால் இப்போது சொல்" என்றாள் அரசி.

சாட்சி ஓரடி பின்வாங்கினான். காவலன் வாளை உருவியபடி அவனை நோக்கி நடந்தான். அந்த வாள் வாயில் வழியே வந்த மதியொளியில் பளீரென மின்னியதுதான் தாமதம், உதுமானின் வலக்கை அவனை அறியாமலே நெற்றிக்குச் சென்றது, மார்புக்கு இறங்கியது, இரு தோள்களையும் தொட்டது.

"யேசுவே! மரியே! காப்பாத்துங்க!"

 வெளியே நின்ற பரதவர்களில் ஒரு கிழவர்தான் முதலில் சிரித்தார். "அட பாவி! நம்ம ஆளாடா நீ? இதுக்கா நாங்க துடுப்பத் தூக்கிட்டு வந்தோம்?"

அவன் கப்பல் தலைவனின் வேவுகாரன், பெயர் கஸ்பார். அடுத்த நொடியே மண்ணில் விழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். உருவத்தின் மேல் உமிழ்ந்தவர் யாருமில்லை. நயினாரைத் தொலைத்துவிட்டுக் கழிமுகத்தைப் பிடிக்கக் கப்பல் தலைவன் கட்டிய கதை அது.

விலங்குகள் கழன்று விழுந்தன. திரைக்குப் பின்னால் அதுவரை கல்லாய் நின்றவள் விம்மி அழும் ஓசை கேட்டது.

"பொய்ச்சாட்சிக்கும் அதே தண்டனைதான்" என்றாள் அரசி.

"அவன் உயிரை எனக்குத் தாருங்கள், தேவி" என்றான் நயினார் மணிக்கட்டைத் தேய்த்தபடி. "ஏவப்பட்டவன். ஏவியவன் கப்பலில் இருக்கிறான்." அரசி தலையசைக்க, காவலன் வாளை உறையிலிட்டான்.

சிமோன் பாதிரியார் தம் கழுத்திலிருந்த சிலுவையை இறுகப் பற்றினார்.  அவர் குரல் கடற்கரை முழுவதும் கேட்டது.

"நான் வணங்கும் ஆண்டவர் மேல் ஆணை! அவர் பெயரால் பொய் சொல்லி ஒரு குற்றமற்றவன் தலையைக் கேட்டவன், தன் கப்பல் தளத்தில் எல்லோர் முன்னிலையிலும் இந்தப் பாவத்தை ஒப்புக்கொள்ளும்வரை, என் கையால் அவனுக்கு நற்கருணை அப்பம் கிடையாது. இதைச் சொல்ல இப்போதே அவன் கப்பலுக்குப் போகிறேன். என்னைக் கடலில் எறிந்தாலும் சரி."

"எறிந்தால் எடுக்க ஆள் வேண்டாமா?" என்றான் நயினார். "படகை நான் ஓட்டுகிறேன், பாதிரியாரே."

அழுகை சட்டென்று நின்று, திரை விலகாமலே குரல் மட்டும் பாய்ந்து வந்தது.

"இப்பத்தான் விலங்கு கழண்டுச்சு, அதுக்குள்ள கடலா? ரெண்டு பேரும் முதல்ல வீட்டுக்கு வந்து சோறு தின்னுங்க. கப்பல் எங்கேயும் ஓடிடாது. விடிஞ்சதும் போங்க!"

உலகமுடையாள் நாச்சியார் அரியணையிலிருந்து எழுந்தாள்.

"அரசியின் ஆணையும் அதுவே" என்றாள்.