காக்கை தொடாத இலை

பதினெட்டு நாளாகக் கமலத்தின் வீட்டுப் பின்மதிலில் ஒரு காக்கைகூட உட்காரவில்லை.

கண்டியில் காக்கைக்குப் பஞ்சம் என்றால் யார் நம்புவார்கள்? மாலையானால் வாவிக்கரை மரங்களில் ஆயிரக்கணக்கில் வந்தடைந்து, கீழே போகிறவன் சட்டையைப் பாழாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும் சாதி அது. கமலம் குடியிருக்கும் மஹய்யாவயில் கருவாடு காயவைத்தால் பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும். அடுத்த வீட்டு வீரம்மாவின் கூரையில் அன்று காலையும் ஏழெட்டு கத்திக்கொண்டுதான் இருந்தன. கமலத்தின் மதிலுக்கு மட்டும் வரவில்லை. அவள் தினமும் வைத்த பிடிச்சோறு வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி, புளித்து நாறி, எறும்புகூட மொய்க்காமல் கிடந்தது.

ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

பதினெட்டு நாளைக்கு முன்தான் புருஷன் செல்லச்சாமியின் முதல் வருஷத் திதி. அதே நாளில்தான் அந்தப் பெண்ணும் வந்து சேர்ந்தாள். வெளிநாட்டு மாணவர்களைக் குடும்பங்களோடு தங்கவைக்கும் நிறுவனம் ஒன்றில் மகள் யசோதா பெயர் கொடுத்திருந்தாள். "அப்பா ரூம் சும்மா பூட்டித்தானே கெடக்கு, வீட்ல ஒரு பேச்சுச் சத்தம் இருக்கட்டும்மா" என்று சொல்லி, அறைக்கு வெள்ளையடித்து, புது மெத்தையும் போட்டாள். வந்தவள் பெயர் மார்த்தா. போலந்துக்காரி, பேராதனையில் செடிகொடி பற்றிப் படிக்க வந்தவள். மரக்கறி மட்டும், அதுவும் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவாள் என்று படிவத்தில் எழுதியிருந்தது.

நாலு மணிக்கு வரவேண்டியவள் பன்னிரண்டு மணி ரயிலிலேயே வந்துவிட்டாள். கமலம் அப்போதுதான் பின்வராந்தாவில் இலை போட்டு, சோறு, பருப்பு, வடை, பாயாசம் எல்லாம் படைத்து, நடுவில் எள்ளுச்சோற்று உருண்டையும் வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு பிடியை மதிலில் வைத்துக் காக்கை தொட்ட பிறகுதான் வீட்டில் யாரும் வாய் நனைக்கலாம். வாசலில் த்ரீவீல்காரனிடம் பெட்டிகளை இறக்கச் சொல்லிவிட்டு அவள் திரும்பி வந்தபோது, மார்த்தா அந்த இலையின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிறுவனத்தில் சொல்லிக் கொடுத்தபடி வலது கையால் எள்ளுச்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தனக்காகத்தான் இலை போட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டாள், பாவம். ராத்திரி முழுக்க விமானத்தில் வந்த பசி.

சோற்றில் கை வைத்த விருந்தாளியை எழுப்புவது எப்படி? கமலம் இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினாள்.

சாயந்தரம் யசோதா வங்கியிலிருந்து வந்து, "காக்கா சாப்பிட்டுச்சாம்மா?" என்று கேட்டாள்.

"ம். சாப்பிட்டுச்சு."

பொய் சொல்வது கமலத்துக்குப் புதிதில்லை. இந்த வீட்டில் அவள் சொன்ன பெரிய பொய் ஒன்று ஒரு வருஷமாக அழுகாமல் அப்படியே இருந்தது.

செல்லச்சாமிக்குச் சீனி வியாதி. வலது கால் கட்டைவிரலில் பிடித்த புண் கணுக்கால்வரை ஏறி, இரண்டு வருஷம் அந்த அறையில் கிடந்தார். புண்ணைக்கூடக் கமலம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அவர் சாப்பிடும் விதம். சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றி, வாழைப்பழத்தை நசுக்கிப் போட்டு, மணிக்கட்டுவரை வழிய வழியப் பிசைந்து நக்குவார். மென்று துப்பிய முருங்கைச் சக்கையைச் சுருட்டி வரிசையாகக் கட்டிலுக்கடியில் வைப்பார். அந்த எச்சில் இலையிலேயே அவளும் சாப்பிட வேண்டும் என்பார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள், "ஒங்க எச்சில தின்ன எனக்குக் கொமட்டுதுங்க" என்று முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டாள்.

கடைசி வாரம் யசோதா வங்கிப் பயிற்சிக்கு மூன்று நாள் கொழும்பு போயிருந்தாள். அந்த மூன்று நாள் கமலம் அந்த அறைக்குள் போகவில்லை. போக முடியவில்லை. வெள்ளி மோதிரம் போட்ட விரலால் தகரத் தட்டை மூன்று தட்டு தட்டுவார், கொஞ்சம் நிறுத்துவார், மறுபடி மூன்று. அவள் சமைக்கிற சாக்கில் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைக் கூட்டி வைத்தாள். நாலாம் நாள் தட்டும் சத்தம் இல்லை. "ஒன்னும் வேணாம்னுட்டாரு, வாயே தொறக்கல" என்று மகளிடம் அழுதாள். யசோதாவும் நம்பினாள். அப்பாமீது உயிரையே வைத்திருந்த பெண். உண்மை தெரிந்தால் அந்த நிமிஷமே தாயின் உறவை அறுத்துவிட்டுப் போய்விடுவாள். கமலத்துக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

மார்த்தா வந்த நாலாம் நாள் கருவாடு கேட்டாள். விரலால் மீனைப் போல நீந்திக் காட்டி, மூக்கைப் பொத்திச் சிரித்துக் கேட்டாள். ஆறாம் நாள் சோற்றில் வாழைப்பழத்தை நசுக்கினாள். பத்தாம் நாள் அவள் மணிக்கட்டில் குழம்பு வழிந்தது; பொன்னிற மயிரெல்லாம் நனைந்து ஒட்டியிருக்க, நாக்கை நீட்டி அடியிலிருந்து மேல்வரை நிதானமாக நக்கினாள். கமலம் எழுந்துபோய்த் தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

"இவள வேற வீட்டுக்கு மாத்தச் சொல்லு யசோ."

"ஏம்மா? அந்தப் புள்ள சாப்பிடுறதப் பாத்தா எனக்கு அப்பா ஞாபகம் வருது. நல்லாத்தானே இருக்கு" என்றாள் யசோதா. கண்ணில் தண்ணீர்கூட நின்றது.

பதினெட்டாம் நாள் பல்லேகலயில் கிரிக்கெட் மேட்ச். யசோதா வங்கிக் கூட்டாளிகளோடு போய்விட்டாள். மத்தியானம் வானம் இருண்டு, ஹந்தானை மலைப் பக்கமிருந்து மழை இறங்கி, தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் வீடே காது அடைத்துப்போய் நின்றது. கரண்டும் போனது. மார்த்தாவின் அறையைப் பெருக்கக் கமலம் கதவைத் திறந்தாள்.

வாடை முகத்தில் அடித்தது. களிம்பு, சீழ், அழுகின வாழைப்பழத்தின் தித்திப்பு. இரண்டு வருஷம் மூக்குக்குள் குடியிருந்த அதே வாடை, வெள்ளையடித்த சுவரையும் புது மெத்தையையும் தாண்டி அங்கேயே இருந்தது. மார்த்தா கட்டிலில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். வலது பாதம் போர்வைக்கு வெளியே நீண்டிருந்தது. செருப்பு கடித்ததென்று போன வாரம் காட்டிய சின்னக் கொப்புளம் இப்போது விரலையே விழுங்கி, கறுத்து, நடுவில் வெள்ளையாக வாய் திறந்திருந்தது. வெள்ளை அசைந்தது.

"வலி இல்லை, அம்மா" என்று மார்த்தா இனிமையாகச் சிரித்தாள்.

கமலம் குனிந்தாள். கட்டிலுக்கடியில் முருங்கைச் சக்கை. சுருட்டிய உருண்டைகள். வரிசையாக.

குசினிக்கு ஓடினாள். ஒரே வழிதான் தோன்றியது: அன்றைக்குக் கெட்டுப்போன படையலை இன்றைக்குச் சரியாகச் செய்துவிட வேண்டும். இலையை அறுத்துப் பின்வராந்தாவில் போட்டாள். காலையில் வடித்த சோறு, எள்ளு, கொஞ்சம் பருப்பு. ஒரு பிடியை மதிலில் வைத்து மழைக்குள் நின்று கூப்பிட்டாள். "கா... கா..." தொண்டை கிழியக் கூப்பிட்டாள். வீரம்மா வீட்டுக் கூரையில் நனைந்துகொண்டிருந்த காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தன. ஒன்றும் எழவில்லை.

உள்ளே தட்டுச் சத்தம் கேட்டது.

மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு.

மார்த்தாவும் வெள்ளி மோதிரம் போட்டிருந்தாள். கமலம் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ரேடியோவைத் திருகினாள். கரண்ட் இல்லை. மூன்று தட்டு. காதைப் பொத்தினாள். மூன்று தட்டு. பிறகு கட்டில் முனகியது. ஈரமான பாதம் ஒன்று சிமெந்துத் தரையில் ஒட்டி, உரிந்து, ஒட்டி, உரிந்து வந்தது. குசினிக் கதவைத் தாண்டியது. பின்வராந்தாவில் நின்றது.

"ஏ புள்ள."

குரல் மார்த்தாவுடையதுதான். மெல்லிய பெண்குரல். வார்த்தை அவருடையது. கமலத்தைப் புள்ள என்று கூப்பிட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான்.

"வா புள்ள. எலை போட்டிருக்கியே."

கால்கள் தாமாகப் போயின. மார்த்தா இலையின் முன் சம்மணம் போட்டிருந்தாள். பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து வாயைத் திறந்தாள். உள்ளே சோறு நிரம்பியிருந்தது. எள்ளுச்சோறு. அன்றைக்குப் படைத்தது. பதினெட்டு நாளாக விழுங்கப்படாமல், கொழகொழத்து, பச்சை பூத்து, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே அடைந்து கிடந்தது. அவள் விரலை விட்டு ஒரு பிடி தோண்டி எடுத்து இலையில் வைத்தாள்.

முன் கேற்று கிறீச்சிட்டது. "அம்மா! மேட்ச் நின்னுபோச்சு. கதவத் தொறங்கம்மா, நனையிறேன்!"

யசோதா.

மார்த்தா மெதுவாகச் சிரித்தாள். நீலக்கண் கமலத்தைவிட்டு அசையவில்லை.

"மூணு நாளு தட்டுனேன்" என்றாள். "யசோகிட்டச் சொல்லவா? இல்ல, என் எலையில நீ சாப்பிடுறியா?"

"அம்மா!"

"சொல்லவா?"

கமலம் உட்கார்ந்தாள். அந்தப் பிடியை எடுத்தாள். சூடாக இருந்தது. வாயில் வைத்தாள். சீழும் எள்ளும் பழமும் நாக்கில் பரவின. துப்பாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

யசோதா சாவி போட்டுத் திறந்துகொண்டு, தலையைத் துவட்டியபடி பின்வராந்தாவுக்கு வந்தாள். ஒரே இலையின் இரண்டு பக்கமும் இருவரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அட! அப்பாவோட எலையில சாப்பிடுவீங்களே, அது மாதிரியே இருக்கும்மா. என்னா கறி?"

கமலத்தால் வாயைத் திறக்க முடியாது. மார்த்தா இலையில் இன்னொரு பிடி வைத்து, மோதிரத்தால் தரையை மூன்று முறை தட்டினாள்.

நாக்குக்கு அடியில் ஏதோ ஒன்று நெளிந்தது. மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கமலம் மென்றாள்.